கால் வேறு, கருத்து வேறா?
முழங்கால் மீள்பயிற்சியில் நிலவும் ஒரு பிழைக் கோட்பாடு குறித்து

1

முழங்காலினுள்ளே தொடையெலும்பையும் கீழ்க்காலெலும்பையும் பிணைத்து நிற்கும் நான்கு பிரதான நார்களுள் ஒன்று முன்சிலுவைப் பிணைநார். ஆடுகளங்களில் ‘ஏ.சி.எல்.’ என்ற மூன்றெழுத்தால் அறியப்படும் இந்நார் அறுந்த இளைஞர் ஒருவர் சத்திரசிகிச்சை பெறுகின்றார். மாதக்கணக்காகத் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கின்றார். ஈற்றில் ‘கால் தேறிவிட்டது’ என்ற சொல்லை நம்பி மைதானம் திரும்புகின்றார். அவ்வாறு திரும்புவோருட் கணிசமானோர் மீண்டும் அதே முழங்காலையோ மற்றைய முழங்காலையோ பிடித்துக்கொண்டு வீழ்கின்றனர். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பாய்வொன்றின்படி, 25 வயதுக்குட்பட்டவர்களாய் விளையாட்டுக்குத் திரும்பியோருள் நூற்றுக்கு 23 வீதமானோர் இரண்டாந் தடவையும் இந்நாரிற் காயமுற்றனர். ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் என்பது இதன் பொருள்.

வீழாதோரின் நிலையும் திருப்திகரமானதன்று. 2014ஆம் ஆண்டின் பிறிதொரு தொகுப்பாய்வு, சத்திரசிகிச்சை பெற்றோருள் 81 வீதமானோர் ஏதோவொரு விளையாட்டுக்குத் திரும்பினர் என்றும், முன்னைய தரத்துக்கு மீண்டோர் 65 வீதம் மாத்திரமே என்றும், போட்டி விளையாட்டுக்கு மீண்டோர் 55 வீதம் மாத்திரமே என்றும் கண்டது. இந்நார் அறுந்தோருள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் பத்து முதல் இருபது ஆண்டுகளுள் முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு ஆளாகின்றனர் என்பதும் மருத்துவ உலகம் அறிந்ததே. இருபது வயதில் வீழ்ந்தவர் நாற்பது வயதிற் படியேற அஞ்சுகின்றார். இரண்டாவது வீழ்ச்சி இந்நிலையை இன்னும் விரைவுபடுத்துகின்றது.

ஒரு பாலத்தைக் கடப்போருள் நால்வருக்கு ஒருவர் ஆற்றில் வீழ்வாராயின், வீழ்ந்தவரின் நடையைக் குறைகூறுவதா, பாலத்தைச் சோதிப்பதா? முழங்கால் விடயத்தில் இன்றுவரை பெரிதும் நிகழ்வது முதலாவதே. ‘பயிற்சியை ஒழுங்காகச் செய்யவில்லை’, ‘அவசரப்பட்டுவிட்டார்’, ‘பயந்துவிட்டார்’ என்று காயமுற்றவர் மீதே பழி சுமத்தப்படுகின்றது. அவருக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி எதற்கான பயிற்சி என்ற வினா எழுப்பப்படுவதில்லை.

இங்கு வற்புறுத்தப்படுவது இதுவே: காலைத் தனியே பழக்கி, காண்டல், கவனித்தல், நினைவிற் கொள்ளல், முடிவுசெய்தல் ஆகியவற்றை மறந்துவிடும் மீள்பயிற்சி அரைகுறைப் பயிற்சியாகும். அறிவுத் தொழிற்பாட்டையும் உடலசைவையும் ஒருங்கே பழக்குதல் வசதியுள்ளோர் இறுதியிற் சேர்த்துக்கொள்ளும் மேலதிக அலங்காரமன்று. அஃதின்றி மீள்பயிற்சி நிறைவுறாது.

2

இந்நார் எவ்வாறு அறுகின்றது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். முழங்காலில் எவரோ உதைத்ததால் அறுந்தது என்பதே பொதுமக்களின் எண்ணம். உண்மை வேறு. இத்தாலியத் தொழின்முறை உதைபந்தாட்டத்தில் நிகழ்ந்த 134 காயங்களின் ஒளிப்பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முழங்கால் நேரடியாக அடிபட்டவை 12 வீதம் மாத்திரமே. 44 வீதமானவை எத்தகைய தொடுகையுமின்றி நிகழ்ந்தவை. எஞ்சிய 44 வீதம், உடலின் வேறெங்கோ இடிபட்ட நிலையில் நிகழ்ந்தவை. மிகுதியான காயங்கள் நிகழ்ந்த வேளை எது? பந்தை வைத்திருக்கும் எதிரணியினரை நெருக்கிப் பறிக்க முனைந்த வேளை. அவ்வேளையில் ஓர் ஆட்டக்காரர் செய்வது யாது? எதிரி இடப்புறம் திரும்புவானா வலப்புறம் திரும்புவானா என்று ஊகிக்கின்றார். அவன் ஏமாற்றும்போது தமது ஊகத்தை மாற்றுகின்றார். மாற்றிய ஊகத்துக்கேற்ப ஓடும் உடலை நிறுத்தித் திருப்புகின்றார். அந்த நிறுத்தத்திலும் திருப்பத்திலும் நார் அறுகின்றது.

இனிக் கால அளவைக் கவனிப்போம். கைப்பந்தாட்டத்திலும் கூடைப்பந்தாட்டத்திலும் பெண்களுக்கு நேர்ந்த பத்துக் காயங்களை ஒளிப்பதிவிலிருந்து மீட்டுருவாக்கிய 2010ஆம் ஆண்டு ஆய்வு, பாதம் தரையைத் தொட்டு ஏறத்தாழ 40 மில்லிசெக்கன்களுள் முழங்கால் உட்புறமாகச் சரிந்துவிடுகின்றதெனக் காட்டியது. ஒரு செக்கனை ஆயிரம் கூறாக்கினால் அதில் நாற்பது கூறு. கண்ணாற் கண்ட ஒன்றுக்கு மனிதன் விரும்பிச் செயற்படுவதற்கோ ஏறத்தாழ 200 மில்லிசெக்கன்கள் வேண்டும். எனவே கால் சரியத் தொடங்கிய பின்னர் அதனைத் திருத்த முற்படுதல், வெள்ளம் வந்த பின்னர் அணைகட்ட முற்படுவதை ஒக்கும். பாதம் தரையைத் தொடுவதற்கு முன்னரே எவ்வாறு தொடுவது என்பதை மூளை தீர்மானித்திருத்தல் வேண்டும். நேரத்துடன் தீர்மானிக்க இயலாதபோதும், தீர்மானத்தை இறுதிக் கணத்தில் மாற்ற நேரும்போதும் ஆபத்து நெருங்குகின்றது.

இதனை நேரடியாக அளந்தவர்களும் உளர். 2001இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஓடிவருவோரை இரு வகையாகத் திருப்பிப் பார்த்தனர். ஒரு வகையில், திரும்பவேண்டிய திசை முன்னரே கூறப்பட்டது. மறு வகையில், ஓடிக்கொண்டிருக்கையில் இறுதிக் கணத்திலேயே சமிக்ஞை காட்டப்பட்டது. ஓட்டம் ஒன்றே, கால் ஒன்றே, தசை வலுவும் ஒன்றே. ஆயினும் இரண்டாவது வகையில் முழங்காலைப் பக்கவாட்டிற் சரிக்கும் விசைத்திருப்பமும், முறுக்கும் விசைத்திருப்பமும் முன்னையதிலும் இரு மடங்குவரை உயர்ந்தன. தசைக்கு அளிக்கப்பட்ட வலு எதுவும் குறையாதிருக்க, தீர்மானத்துக்கு அளிக்கப்பட்ட நேரம் குறைந்தமையே இம்மாற்றத்துக்குக் காரணம். முழங்கால் வெறும் கதவுக்கீல் என்று கருதுவோர் இந்த ஒரு பரிசோதனைக்கேனும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளனர்.

2007இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றும் இங்கு நினைவுகூரத்தக்கது. கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பருவம் தொடங்குமுன் கணினி வழியாக அறிதிறன் பரீட்சை நடத்தப்பட்டது. பின்னர் தொடுகையின்றி இந்நார் அறுந்த 80 பேரின் பெறுபேறுகள், காயமுறாத 80 பேரின் பெறுபேறுகளுடன் ஒப்பிடப்பட்டன. காயமுற்றோர் துலங்கல் வேகத்திலும், தகவலைக் கையாளும் வேகத்திலும், காட்சி நினைவிலும், சொல் நினைவிலும் பின்தங்கியிருந்தனர். இதனைக் கொண்டு காயமுற்றோர் அறிவிற் குறைந்தோர் என்று முடிவுகட்டுதல் மடமை. காலின் விதி காலில் மாத்திரம் எழுதப்படுவதில்லை என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

3

நார் அறுந்த பின்னர் நிகழ்வது இன்னும் முக்கியமானது. இந்நார் வெறும் கயிறன்று. முழங்கால் எங்கே நிற்கின்றது, எவ்வளவு இழுபடுகின்றது என்பனவற்றை மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகள் அதனுள் உள்ளன. மனித முன்சிலுவைப் பிணைநாரில் இவ்வாறான உணர்முனைகள் உள்ளமை 1984இல் இழையவியல் ஆய்வு மூலம் எடுத்துக்காட்டப்பட்டது. சத்திரசிகிச்சையாளர் வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாணை அவ்விடத்திற் பொருத்துகின்றார். கயிறு மீள்கின்றது, கயிற்றினூடே சென்ற செய்தி அவ்வாறே மீள்வதில்லை.

செய்தி குன்றியபோது மூளை வாளாவிருப்பதில்லை. வேறு வழி தேடுகின்றது. 2009இல் வெளியான ஆய்வொன்று, நார் அறுந்த நிலையில் முழங்காலை அசைப்போரின் மூளைத் தொழிற்பாடு பிறருடையதினின்றும் வேறுபட்டிருத்தலைக் காந்தப் படிமங்களிற் காட்டியது. 2017இல் வெளியான பிறிதொன்று, சத்திரசிகிச்சை பெற்ற 15 பேரைக் காயமுறாத 15 பேருடன் ஒப்பிட்டது. செய்யச் சொல்லப்பட்டதோ படுத்தபடி முழங்காலை மடக்கி நீட்டும் எளிய அசைவு. அதற்கே, சத்திரசிகிச்சை பெற்றோரின் மூளையிற் காட்சியைக் கையாளுதலுடன் தொடர்புடைய பகுதி மிகுதியாகத் தொழிற்பட்டது. மூட்டிலிருந்து வரவேண்டிய செய்தியின் குறையைப் பார்வை கொண்டு ஈடுசெய்ய மூளை முயல்கின்றது என்பதே ஆய்வாளர் தந்த விளக்கம்.

இவ்விளக்கம் சரியாயின் அதன் விளைவு பாரதூரமானது. கண்ணாடிக்கு எதிரே நின்று தம் முழங்காலைப் பார்த்தபடி குந்தி எழும்புபவர் அதனைக் குறைவின்றிச் செய்வார். கண்கள் காலுக்குத் துணை நிற்கின்றன. மைதானத்திலோ கண்களுக்கு வேறு வேலை உண்டு. பந்தைப் பார்க்கவேண்டும், எதிரியைப் பார்க்கவேண்டும், தன் அணியினர் நிற்கும் இடத்தைப் பார்க்கவேண்டும். அப்போது காலுக்குத் துணை நிற்பது எது? பயிற்சிக் கூடத்திற் காலுக்குக் கண்ணை ஊன்றுகோலாகக் கொடுத்துவிட்டு, மைதானத்தின் வாயிலில் அந்த ஊன்றுகோலைப் பறித்துக்கொள்வதே வழக்கமான மீள்பயிற்சி செய்யும் காரியம்.

முதியோர் விடயத்தில் மருத்துவம் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்திருந்தது. 1997இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள், முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த 58 பேருடன் நடந்தபடியே உரையாடினர். பேசத் தொடங்கியதும் நடையை நிறுத்திக்கொண்டோர் 12 பேர். அவர்களுள் 10 பேர் அடுத்த ஆறு மாதங்களுள் வீழ்ந்தனர். நடையும் பேச்சும் ஒரே கவனத்துக்குப் போட்டியிடுகின்றன என்பதை இவ்வெளிய அவதானிப்பு புலப்படுத்திற்று. எண்பது வயதினரின் நடையிற் கவனத்தின் பங்கை ஏற்கும் மருத்துவம், இருபது வயதினரின் பாய்ச்சலில் அதனை மறப்பது எங்ஙனம் பொருந்தும்?

4

இந்த மறதி தற்செயலானதன்று. அதற்கொரு வரலாறு உண்டு. அவ்வரலாறு கலைப்பீட மாணவருக்கு அந்நியமானதுமன்று. உடல் ஓர் இயந்திரம், மனம் அதனின்றும் வேறான பொருள் என்ற பிரிப்பைப் பதினேழாம் நூற்றாண்டில் தேக்கார்த் மெய்யியலில் நிலைநாட்டினார். 1949இல் கில்பேட் றைல் இப்பிரிப்பைக் கடுமையாகத் தாக்கினார். திறமையுடன் ஒன்றைச் செய்பவர் முதலில் மனத்தாற் சிந்தித்துப் பின்னர் உடலால் நிறைவேற்றுகின்றார் என்று கொள்வது பிழை. திறமையான செயலே சிந்தனையின் ஒரு வடிவம் என்பது அவர் வாதத்தின் சாரம். மெய்யியல் விரிவுரைகளில் இவ்வாதத்தைக் கற்று விடையெழுதும் சமூகம், வைத்தியசாலையின் பயிற்சிக் கூடத்துள் நுழைந்ததும் மீண்டும் தேக்கார்த்தின் மாணவனாகிவிடுகின்றது.

மெய்யியலிற் பிறந்த இப்பிரிப்பு தொழிற்சாலையில் ஆட்சி பெற்றது. சிந்திக்கும் வேலையனைத்தையும் தொழிற்றளத்திலிருந்து அகற்றித் திட்டமிடும் அலுவலகத்தில் குவிக்கவேண்டும் என 1903இல் பிரெடரிக் ரெய்லர் எழுதினார். தொழிலாளி கை மாத்திரமே, மூளை முகாமையாளருடையது. ஒரே அசைவை ஒரே விதமாக ஆயிரம் தடவை செய்பவனே சிறந்த தொழிலாளி. இன்றைய மீள்பயிற்சியின் ‘பத்துத் தடவை, மூன்று சுற்று’ என்ற கட்டளையிலும் இதே சாயலைக் காணலாம். எண்ணுபவரும் முடிவுசெய்பவரும் பயிற்சியாளரே. காயமுற்றவர் காலை மாத்திரம் கொண்டுவந்தாற் போதும்.

இக்கொள்கைக்கு மறுப்பு தொழிற்சாலைக்குள்ளிருந்தே பிறந்தமை வரலாற்றின் சுவையான செய்தி. 1920களில் மொஸ்கோவின் மத்திய தொழில் நிறுவகத்தில், தொழிலாளரின் அசைவுகளைச் செம்மைப்படுத்தும் நோக்குடன் சுத்தியலடியை ஆராய அமர்த்தப்பட்டவர் நிக்கொலாய் பேர்ன்ஸ்ரைன். அனுபவமிக்க தொழிலாளி ஒவ்வோர் அடியையும் ஒரே விதமாக அடிப்பான் என்பதே எதிர்பார்ப்பு. அவர் கண்டதோ வேறு. சுத்தியலின் முனை ஒரே இலக்கை அடைகின்றது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு தடவையும் சற்றே வேறுபட்ட வழியிற் செல்கின்றன. பழகுதல் என்பது ஒரே விடையை மனனம் செய்தலன்று; ஒரே பிரச்சினையை ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தீர்த்தல் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1947இல் வெளிவந்த அவரது நூலுக்கு அடுத்த ஆண்டில் ஸ்ராலின் பரிசு கிடைத்தது. பின்னர் 1950ஐ அடுத்து, பவ்லோவின் கோட்பாட்டுக்கு மாறானவர் என்ற குற்றச்சாட்டின் பேரில் அவரே பதவியிழந்தார். அசைவைத் தூண்டலுக்கான இயந்திரத் துலங்கலாக மாத்திரம் காண விரும்பியோருக்கு, முடிவுசெய்யும் உடல் பிடிக்கவில்லை.

மாணவர் எவரும் அறிந்த உவமையாற் கூறின், வழக்கமான மீள்பயிற்சி கடந்தகால வினாத்தாளின் விடைகளை மனனம் செய்விப்பதாகும். பரீட்சை மண்டபத்திலோ வினா மாறியிருக்கின்றது.

5

இனி மறுதரப்பின் வாதங்களை நேர்மையுடன் நோக்குதல் முறை.

முதலாவது, தசை வலுவே அடிப்படை என்பது. இதனை எவரும் மறுக்கவில்லை. ஒஸ்லோவிலும் அமெரிக்காவின் டெலவெயரிலும் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு, ஒன்பது மாதங்கள்வரை திரும்புதலைத் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் மறுகாய வீதத்தை ஏறத்தாழ அரைவாசியாற் குறைத்தது எனக் கண்டது. தொடைத்தசை வலு, தாவல் முதலிய சோதனைகளிற் சித்தியெய்தித் திரும்பியோருள் 5.6 வீதமானோரும், சித்தியெய்தாது திரும்பியோருள் 38.2 வீதமானோரும் மீண்டும் முழங்காலிற் காயமுற்றனர். வலுவையும் பொறுமையையும் அலட்சியம் செய்வோர் இவ்விலக்கங்களைச் சுவரில் எழுதிவைத்தல் வேண்டும். ஆயினும் 2019இல் இத்தகைய பல ஆய்வுகளை ஒருங்கு சேர்த்து நோக்கிய தொகுப்பாய்வுகள், இச்சோதனைகளிற் சித்தியெய்துவது இரண்டாவது நார்க்காயத்தைப் பொதுவாகக் குறைக்கின்றது என்பதை நிறுவ இயலாது நின்றன. காரணத்தைத் தேடித் தூரம் செல்லவேண்டியதில்லை. அச்சோதனைகளுட் பெரும்பாலானவை அமைதியான கூடத்தில், திசை முன்னரே தெரிந்த நிலையில், எதிரியோ பந்தோ இன்றி நடத்தப்படுபவை. வலு தேவை, ஆனால் வலு மாத்திரம் போதுமானதன்று.

இரண்டாவது, அறிவுப் பயிற்சியை இணைத்தால் மறுகாயம் குறையும் என்று நிரூபிக்கப்பட்டுள்ளதா என்ற வினா. நியாயமான வினா இது. பெருந்தொகையானோரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து நோக்கி இவ்விடயத்தை ஐயந்திரிபற முடித்துவைக்கும் பரிசோதனை இன்னும் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். மூளைப் படிமங்களும் சிறு தொகையினரிடம் எடுக்கப்பட்டவையே. ஆனால் அந்த நிரூபணம் வரும்வரை செய்யவேண்டியது யாது? பழைய முறையை அப்படியே தொடர்தல் நடுநிலைமை ஆகாது. அதுவும் ஒரு தெரிவே. நால்வருக்கு ஒருவர் வீழும் முறைக்கு எந்த நிரூபணமும் கேளாது, அதனைத் திருத்த முனையும் முறையிடம் மாத்திரம் முழு நிரூபணம் கேட்டல் நீதியன்று. அதிலும், வலுப் பயிற்சியைக் குறைக்காது அதனுடனேயே இணையும் இம்முறையால், படிப்படியாக அளிக்கப்படின், இழப்பதற்கு அதிகம் இல்லை.

மூன்றாவது, கவனத்தைச் சிதறடித்தால் பயிற்சியின் தரம் குன்றும் என்பது. உண்மையே; பயிற்சி வேளையில் தரம் குன்றும். ஆனால் பயிற்சி வேளையிற் காணப்படும் தரம் கற்றலுக்கு அளவுகோலாகுமா? 1979இல் ஷீயும் மோகனும் மாணவர்களைக் கொண்டு, சிறு தடைகளைக் கையால் தட்டி வீழ்த்தும் மூன்று அசைவுகளைப் பழக்கினர். ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே தொடர்ந்து பழகியோர் பயிற்சியின்போது விரைந்து செய்தனர். மூன்றையும் கலந்து பழகியோர் பயிற்சியின்போது தடுமாறினர். பின்னர் பரீட்சித்தபோது முந்தி நின்றவர்கள் அவர்களே. கூடத்தில் அழகாகத் தெரியும் பயிற்சி, கற்பிப்பவருக்கு ஆறுதல் அளிக்கின்றது. கற்பவருக்கு அது பயன்தந்ததா என்பதை அறிய மைதானம்வரை செல்லவேண்டும்.

6

இவ்விடத்தில் எதிர்த்திசையிலிருந்து வரும் ஓர் ஆபத்தையும் சுட்டாதுவிடின் வாதம் ஒருபக்கச் சார்பாகும். ‘மூளைக்குப் பயிற்சி’ என்ற சொல் வணிகர் காதில் வீழ்ந்துவிட்டது. கதிரையில் அமர்ந்து திரையைத் தட்டினாற் போதும், கவனமும் நினைவும் வளரும், அதனால் வாழ்க்கையே சிறக்கும் என்று விளம்பரங்கள் கூவுகின்றன. 2016இல் ‘லூமோசிற்றி’ என்ற மூளைப்பயிற்சி விளையாட்டுகளை விற்ற நிறுவனம், ஆதாரமின்றி நுகர்வோரை ஏமாற்றும் விளம்பரம் செய்ததென்ற குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, ஐக்கிய அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழுவுக்கு 20 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. திரையிற் பழகியோர் அத்திரை விளையாட்டில் தேர்ச்சி பெறுவர். அத்தேர்ச்சி வாழ்க்கையின் ஏனைய துறைகளுக்குப் பரவும் என்பதற்கான சான்று மிக மெலிந்தது என்பதையே ஆய்வுகளை மதிப்பிட்டோர் கண்டனர்.

உற்றுநோக்கின், திரை வணிகரும் தசை மாத்திரமே என்போரும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஒருவர் அறிவற்ற காலைப் பழக்குகின்றார். மற்றவர் காலற்ற அறிவைப் பழக்குகின்றார். காலை வைத்தியசாலையிலும், கருத்தைக் கைத்தொலைபேசியிலும் தனித்தனியே பழக்கி, பின்னர் இரண்டையும் கூட்டினால் ஆட்டக்காரர் கிடைப்பார் என்பது கணித வகுப்பிற் சரியாகலாம், மைதானத்திற் சரியாகாது. சேர்த்து ஆடவேண்டியதைச் சேர்த்தே பழகவேண்டும் என்பதே இங்கு கூறப்படும் ‘இணைத்தல்’.

7

அவ்வாறாயின் செய்யவேண்டியது யாது? அது புதிரானதன்று. வீக்கம் வற்றி, மூட்டு நீண்டு மடங்கி, தசை வலுப்பெறத் தொடங்கியதும், இயன்மருத்துவரின் கண்காணிப்பில் எளியவற்றிலிருந்து தொடங்கலாம். ஒற்றைக் காலில் நிற்பவர் நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு நிற்கட்டும். குந்தி எழும்புபவர் எறியப்படும் பந்தைப் பிடித்துக்கொண்டு எழும்பட்டும். பின்னர், படியிலிருந்து குதிப்பவருக்குக் குதிக்கும் கணத்திலே சிவப்புத் துணி காட்டப்பட்டால் இடம், பச்சைத் துணி காட்டப்பட்டால் வலம், எதுவும் காட்டப்படாவிடின் நின்றுவிடல் என்று விதி வகுக்கலாம். ஓடுபவருக்கு நான்கு எண்களைக் கூறி, அவ்வரிசைப்படி நான்கு குறிகளைத் தொட்டுவரச் செய்யலாம். ஈற்றில் எதிரே ஒருவர் நின்று ஏமாற்றட்டும். மைதானம் திரும்பத் தகுதியுண்டா என்ற சோதனையிலும், முன்னரே தெரிந்த திசையில் தாவுதலுடன், இறுதிக் கணத்தில் அறிவிக்கப்படும் திசையில் தாவுதலும் இடம்பெறவேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே வைத்தியர் அறியவேண்டிய இலக்கம்.

பயிற்சியாளர் பேசும் மொழியும் மாறவேண்டும். ‘முழங்காலை வளை, உள்ளே சரியவிடாதே’ என்று கூறும்போது காயமுற்றவரின் கவனம் முழங்காலிலேயே ஆணியடிக்கப்படுகின்றது. 1998இல் கபிரியேலே வுல்வ்வும் சகாக்களும், பனிச்சறுக்கு அசைவைப் பழகுவோருள் தம் பாதத்தைக் கவனிக்கும்படி கூறப்பட்டோரிலும், பாதத்தின் கீழுள்ள பொறியின் சில்லுகளைக் கவனிக்கும்படி கூறப்பட்டோர் நன்கு கற்றனர் எனக் காட்டினர். கவனத்தை உடலுறுப்பிலிருந்து செயலின் விளைவுக்கு மாற்றுதல் கற்றலுக்கு உதவுகின்றது. ‘சத்தம் கேளாமல் இறங்கு’, ‘அந்தக் கோட்டை நோக்கித் திரும்பு’ என்று கூறுவதற்குச் செலவேதும் இல்லை.

செலவு என்ற சொல் இலங்கைச் சூழலிற் சிறப்பாக நோக்கத்தக்கது. மேலைநாடுகளின் செல்வந்தக் கழகங்கள் மினுங்கும் விளக்குகளையும், பார்வையை விட்டுவிட்டு மறைக்கும் கண்ணாடிகளையும் பயன்படுத்துவதைக் கண்டு, ‘இவை எங்களுக்கு எட்டாதவை’ என்று கைவிரிப்பது எளிது. ஆனால் மேற்கூறியவற்றுள் எதற்கு இயந்திரம் வேண்டும்? இரண்டு துணித்துண்டுகள், ஒரு பந்து, தரையிற் சில கோடுகள், எதிரே நிற்க ஒரு நண்பர். கிளித்தட்டு விளையாடி வளர்ந்த சமூகத்துக்கு இவை புதியவையுமல்ல. கோட்டிலே காவல் நிற்பவரின் கண்ணைப் பார்த்து, நடுக்கோட்டிற் கிளி எங்கே வருகின்றது என்பதை நினைவில் வைத்து, ஏமாற்றிப் பாய்ந்து, பாய்ந்த வேகத்தில் நின்று திரும்பும் அவ்விளையாட்டிற் காலும் கருத்தும் ஒருபோதும் பிரிந்திருந்ததில்லை. காயமுற்றவரை உடனே கிளித்தட்டுக்கு அனுப்பவேண்டும் என்பது இதன் பொருளன்று. அவ்வாறு ஆடத் தக்கவராக அவரை ஆக்குவதே மீள்பயிற்சியின் இலக்கு என்பதும், அதற்குப் பணமின்மை தடையன்று என்பதுமே பொருள். வறுமை உண்மையானது, ஆனால் சிந்தனையின் சோம்பலுக்கு வறுமையைச் சாட்டுதல் ஆகாது.

உயர்ந்த வசதிகள் தாமே காப்பதில்லை என்பதற்கும் உலகிற் சான்றுண்டு. 2022–23 பருவத்தில் இங்கிலாந்தின் ஆர்சனல் பெண்கள் அணியிற் பெத் மீட், விவியன் மீடெமா, லியா வில்லியம்சன், லோரா வீன்றொய்தர் ஆகிய நால்வருக்கு இந்நார் அறுந்தது. முதல் மூவரும் 2023 உலகக் கிண்ணத்தை இழந்தனர். அதனையொட்டி எழுந்த விவாதத்திற் காலணி, புற்றரை, மாதவிடாய்ச் சுழற்சி, போட்டிகளின் நெருக்கம் ஆகியன பேசப்பட்டன. இவை யாவும் பேசப்படவேண்டியவையே. களைத்த உடலில் இயங்கும் களைத்த கவனமும் இவ்வரிசையிற் சேர்க்கப்படவேண்டும்.

8

இந்தப் பிரச்சினை இயன்மருத்துவருக்கு மாத்திரம் உரியதென விட்டுவிடுவது தவறு. நாளொன்றுக்குப் பல நோயாளரைப் பார்க்கும் இயன்மருத்துவர் ‘பத்துத் தடவை, மூன்று சுற்று’ என்று எழுதிக் கொடுப்பது சோம்பலால் மாத்திரமன்று, நேரமின்மையாலுமாகும். அவரது பணி முடிவுறும் இடத்திலிருந்து பாடசாலையின் விளையாட்டாசிரியரும், கழகத்தின் பயிற்றுநரும், அணித் தோழரும் அப்பணியை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். ‘எப்போது திரும்பலாம்?’ என்று மாதங்களை எண்ணிக் கேட்பதை நிறுத்தி, ‘எதைச் செய்யக்கூடியவராகத் திரும்புகின்றார்?’ என்று கேட்கப் பழகவேண்டும். கிண்ணம் ஒன்றுக்காக ஆறாவது மாதத்திலேயே மாணவியைக் களமிறக்கும் பாடசாலை, அவளது நாற்பதாவது வயதின் வலிக்கும் பொறுப்பாளியே.

காயமுற்றவரும் தம்மிடம் கொடுக்கப்பட்ட தாளிலுள்ள எண்ணிக்கையை நிறைவேற்றும் கருவியாகத் தம்மைக் கருதுதல் ஆகாது. தாம் செய்யும் ஒவ்வோர் அசைவும் களத்தில் எந்த வினாவுக்கு விடை என்று வினவும் உரிமை அவருக்குண்டு. அவ்வினாவுக்கு விடை கூற இயலாத பயிற்சி, எத்தனை மாதங்கள் நீடிப்பினும், கால் சான்றிதழ் பெறும் பயிற்சியே. களத்தில் இறங்கப்போவது காலன்று. பார்த்து, நினைந்து, தீர்மானித்துப் பாயும் ஒரு முழு மனிதப் பிறவி. அப்பிறவியை முழுமையாகப் பழக்காது அனுப்பிவைப்போர், அடுத்த வீழ்ச்சியின்போது விதியை நோவதிற் பயனில்லை.